முந்திரிக் கேசட்டின் முதல் பாட்டு

தம்பி,

நம் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதிக்கு மேல், நாம் யாரும் கண்ணால் பார்த்திராத நான்கு வெள்ளைக்காரர்களால் வந்தவை. மீதிச் சண்டைக்கு உன் அப்பாவின் சர்க்கரையும் அவர் ஒளித்துவைத்துத் தின்ற மிட்டாயும் காரணம். அந்த நான்கு பேரின் பெயரையோ அவர்கள் சேர்ந்து பாடிய பேண்டின் பெயரையோ நான் இதில் எழுதப் போவதில்லை. இது ஒட்டி மூடி அனுப்புகிற கடிதம் இல்லை. அந்தோணி அண்ணனும் காதர் அண்ணனும் படித்த பிறகுதான் உன் கைக்கு வரும். ரம்யாவும் படிக்கட்டும், அவள் வேறு யாரிடமாவது காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பேண்டின் பெயரைப் போட்டுவிட்டால், படிக்கிற ஒவ்வொருவரும் எந்த ஆல்பம் நல்லது, எது குப்பை என்று கிளம்பிவிடுவார்கள், நான் சொல்ல வந்தது காணாமல் போய்விடும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான்.

தை பிறந்தால் உனக்கும் ரம்யாவுக்கும் கல்யாணம். இந்த நேரத்தில் அம்மா எழுதினால், அனுசரித்துப் போங்கள், கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள் என்றெல்லாம் இருக்கும் என்று நினைப்பாய். அதை உன் மாமியார் என்னைவிட நன்றாகச் சொல்லுவார். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். உன் அப்பாவின் போனை வைத்துக்கொண்டு நீ செய்கிற காரியத்தை நிறுத்து. போனில் பேசும்போது பல தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். உனக்குப் பயந்து இல்லை. அது நிற்க வேண்டாம் என்று எனக்கே இருந்ததால்தான்.

ரம்யாவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்கிறேன். உன் அப்பா துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்த்தார். கப்பல் வந்து கட்டினதும் பேப்பர்களை எடுத்துக்கொண்டு மேலே ஏறுகிற ஆள் அவர்தான். கூட வேலை பார்த்தவர்கள் கப்பலிலிருந்து சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டு வருவார்கள். இவர் கேசட் கொண்டு வருவார். பிலிப்பைன்ஸ்காரன், கிரீஸ்காரன் என்று எவனாவது ஒரு மாலுமி, தான் கேட்கிற பாட்டை வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுப்பான். மேலே ஒன்றும் எழுதியிருக்காது. ஆல்பத்தின் பெயர் என்ன, எந்த வருஷம் வந்தது என்று கேட்க இவருக்கு வெட்கம். அதனால் கேசட் எந்தக் கப்பலில் வந்ததோ, அந்தக் கப்பலின் சரக்குதான் ஆல்பத்தின் பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை ஏற்றிவந்த கப்பலில் கிடைத்தது முந்திரி. நிலக்கரிக் கப்பலில் கிடைத்தது நிலக்கரி. உப்பு ஏற்றிப் போக வந்த கப்பலில் கிடைத்தது உப்பு. உண்மையான பெயர்கள் பின்னாளில் தெரிந்தபோதும் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. காதர் அண்ணன் கல்ஃபில் இருந்தபோது அங்கே ஒரு கேசட் கடையில் போய் முந்திரி இருக்கிறதா என்று கேட்டதற்கு, பலசரக்குக் கடைக்கு வழி காட்டியிருக்கிறார்கள்.

உன் அப்பா முந்திரிக் கட்சி. அந்தோணி அண்ணன் நிலக்கரிக் கட்சி. வார்ஃபில் கிரேன் ஓட்டியவர், மாதா கோயில் கொயரில் கிடார் வாசித்தவர். தனக்குத்தான் சங்கீதம் தெரியும் என்ற எண்ணம் அவருக்கு எப்போதும் உண்டு. காயல்பட்டினத்துக் காதர் அண்ணன் நீதிபதி. ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் மூன்று பேரும் நம் முன் ரூமில் கூடுவார்கள். நிலக்கரியில் எல்லாப் பாட்டும் சின்னது. எடுத்ததும் தொம்மென்று அடி விழும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விடும். முந்திரியில் ஒரு பாட்டு ஏறக்குறைய ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அதைப் பதிந்த சமயத்தில் பாடகனுக்குத் தொண்டை கெட்டிருந்ததாகச் சொல்வார்கள். “குரல் உடைஞ்ச பொறவுதாம்லே பாட்டு வரும். அதுக்கு முன்னாடி வாரதெல்லாம் வெறும் சத்தம்” என்பார் உன் அப்பா. “குரல் உடைஞ்சா டாக்டர்ட்டப் போணும். ஸ்டுடியோவுக்கா போவாவ?” என்பார் அந்தோணி அண்ணன். “அது என்ன பாட்டா, கோயில் கொடையில பாடுத வில்லுப்பாட்டா? விடியுத வரைக்கும் முடிய மாட்டக்கு” என்று இன்னும் ஒரு குத்து விடுவார். காதர் அண்ணன் இரண்டையும் கேட்டுக்கொண்டு, அந்த வாரம் யார் மக்ரூன் வாங்கி வந்தார்களோ அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லுவார். அந்தோணி அண்ணன் வாங்கி வந்தால் உன் அப்பா விடமாட்டார். “நிலக்கரிக் கட்சிக்காரன் முந்திரிய அரைச்சுப் பண்ணின மக்ரூனத் திங்கலாமாலே?” என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

முந்திரிக் கேசட்டில் ஒரு கோளாறு இருந்தது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், உனக்கு அது தெரியாது என்பதால்தான் இந்தக் கடிதமே. அந்த மாலுமி எது முதல் பக்கம், எது இரண்டாம் பக்கம் என்று குறித்துக் கொடுக்கவில்லை. இவர்கள் கைக்கு வந்தபடி போட்டார்கள். முதலில் கேட்டது ஒற்றைக் கம்பியை மட்டும் யாரோ மெல்ல மெல்லத் தட்டுகிற சத்தம். வேறு ஒன்றும் இல்லை. ரொம்ப நேரத்துக்கு அதுதான். அதற்குப் பின்னால் எங்கேயோ தூரத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம், அப்புறம்தான் அந்த உடைந்த குரல். முந்திரி இப்படித்தான் தொடங்குகிறது என்று மூன்று பேரும் மனசில் பதித்துக்கொண்டார்கள். உன் அப்பாவின் கட்சியே அந்தத் தொடக்கத்தில்தான் நின்றது. “எவனுக்குலே இந்தத் தைரியம் வரும்? காசு குடுத்து வாங்குனவன் காதுல மொத மொதல்ல ஒண்ணுமே இல்லாம ஒரு கம்பிய மட்டும் விடுததுக்கு?” என்பார். வருஷங்கள் கழித்து சிடி வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கம்பிப் பாட்டு இரண்டாம் பக்கத்தின் தொடக்கம். நிஜமான ஆல்பம் டிரம்ஸோடு தடபுடலாகத் தொடங்குகிறது. அந்தோணி அண்ணன் சிடி அட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார். உன் அப்பா அட்டையை வாங்கிப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார், “அவனுவ மாத்திப் போட்டுட்டானுவ” என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் இவர்களுக்குள் முந்திரியின் முதல் பாட்டு என்றால் கம்பிப் பாட்டுதான். அந்தோணி அண்ணனும்கூட அதை அப்படியே ஏற்றுக்கொண்டுதான் சண்டை போட்டார். இதை யாரும் வெளியே சொல்லவும் இல்லை, எழுதவும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதப் போகிறார்கள்?

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நிலக்கரி. கல்யாணமான புதிதில் எல்லாமே எனக்குத் தகரத்தைத் தரையில் இழுத்த சத்தமாகத்தான் கேட்டது. கேட்டுக் கேட்டு, அடுப்படியில் நின்றுகொண்டே எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். துணி அலசும்போது நிலக்கரியில் இருக்கிற அந்த மூன்றாவது பாட்டுதான் கைக்குத் தோதாக இருக்கும். உன் அப்பாவிடம் இதைச் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் அவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். இப்போது எழுதும்போதுகூட, படித்துவிடுவாரோ என்று ஒரு பயம் வந்து போகிறது. அவர் படுத்த கட்டில் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

மூட்டு வலியும் பேரப்பிள்ளைகளும் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றுபோய், வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆனது. காதர் அண்ணன்தான் ஆரம்பித்தார், முந்திரியும் நிலக்கரியும் என்று பெயர் வைத்தார். அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது விரல் நடுங்கி டைப் பண்ண முடியவில்லை. என்னையும் குரூப்பில் சேர்க்கச் சொல்லி, தான் சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைத்துக்கொண்டு, “எழுதுளா. அந்தோணிக்குச் சங்கீதம் தெரியும், பாட்டுத் தெரியாதுன்னு எழுது” என்பார். நர்ஸ் பேசக் கூடாது என்று சத்தம் போட்டுவிட்டுப் போவாள், அவள் தலை மறைந்ததும் தொடங்குவார். அவர் கடைசியாக முழுசாகப் பேசின பேச்செல்லாம் என் விரல் வழியாகப் போனவைதான். அதனால் அவர் எப்படிப் பேசுவார், எந்த இடத்தில் நிறுத்துவார், எங்கே செருமுவார் என்று உனக்குத் தெரிவதைவிட எனக்கு நன்றாகவே தெரியும்.

அவர் போய், காரியம் எல்லாம் முடிந்து, நீ பெங்களூருக்குக் கிளம்பினாய். பேங்க் ஓடிபி எல்லாம் இதில்தான் வரும் என்று அவருடைய போனையும் எடுத்துக்கொண்டு போனாய். குரூப்பில் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு ஒருநாள் காலையில், நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அந்தோணி அண்ணன் எழுதியிருந்தார்: “இனி முந்திரிக்குப் பேச ஆள் இல்ல. நிலக்கரி ஜெயிச்சிட்டுன்னு வச்சிக்கிடவா?” அதைப் படித்து எனக்குக் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால், அதற்குக் கீழே இன்னொரு வரி. என் போனில் உன் அப்பாவின் நம்பரை, அவர் பெயரைச் சொல்லாமல் 'அவிய' என்று வைத்திருக்கிறேன். அந்தப் பெயரில் வந்திருந்தது. “அது எப்படிலே ஜெயிக்கும்?”

குடம் நிரம்பித் தண்ணீர் வாசல் வரைக்கும் ஓடியது எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து குழாயை அடைத்தாள். நீதான் எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன் உன்னிடம் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனாலும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தோணி அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டாராம். காதர் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார். “சின்னவன்தான், மச்சான். ஒண்ணும் சொல்லாதீங்க. அழ முடியாதத அவன் இப்படி அழுவுதான்” என்றாராம் காதர் அண்ணன். பிறகு இரண்டு பேரும் ஒன்றுமே நடக்காத மாதிரி பதில் எழுதினார்கள். நீ திரும்ப எழுதினாய். அப்படியே அது ஓட ஆரம்பித்துவிட்டது.

உன்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையில் தண்ணீர் பிடித்து முடித்ததும் போனை எடுத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. 'அவிய' என்ற பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று வரும். சில நேரம் டைப்பிங் என்று வரும், நின்றுவிடும், திரும்ப வரும். அவரும் அப்படித்தான், யோசித்து யோசித்து எழுதுவார். நீ பழைய மெசேஜ்களை எல்லாம் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். அவருடைய சொல்லெல்லாம் அப்படியே வந்தது. அந்தோணி அண்ணனைக் கிண்டல் பண்ணும் விதமும் வந்தது. நான் படித்துச் சிரிப்பேன். சிரித்துவிட்டு, அதைச் சொல்ல அடுத்த ரூமுக்குப் போவேன். போய் நின்ற பிறகுதான் அங்கே யாரும் இல்லை என்பது உறைக்கும். அப்படி எத்தனை தடவை போனேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு அந்த மெசேஜ் வந்தது. முந்திரி ஏன் பெரியது என்று நீ நீளமாக எழுதியிருந்தாய். நன்றாகத்தான் எழுதியிருந்தாய். கடைசியில், “முதல் பாட்டுல டிரம்ஸ் வந்து விழுது பாரு, அந்த ஒரு அடி போதும்லே” என்று முடித்திருந்தாய். நீ போனில் பாட்டு ஆப்பில் கேட்டிருப்பாய். அதில் டிரம்ஸ்தான் முதலில் வரும். உன்மேல் தப்பில்லை. ஆனால் உன் அப்பா செத்தாலும் அதை எழுதமாட்டார். செத்தாலும் என்று எழுதிவிட்டு இங்கே கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். என்ன சொல்வது தம்பி, அவரை எரித்துவிட்டு வந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு தெரியவில்லை. அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். இந்த வரியைப் படித்தபோதுதான், அவர் இல்லை, எங்கேயும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. சோறு வடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தோணி அண்ணன் என்ன பதில் போடுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு தப்பையும் விட்டுவைக்கிற ஆள் இல்லை. கோயில் கொயரில் சாமியார் சுதி விலகினாலே நிறுத்திச் சொல்லிவிடுவார். சாயங்காலம் பதில் வந்தது. “சரிதாம்லே.” அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதே கிடையாது. அதற்குப் பிறகு குரூப்பைக் கவனித்துப் பார்த்தேன். எல்லோரும் உனக்கு, அதாவது அவருக்கு, தலையாட்டிக்கொண்டே போனார்கள். முந்திரி ஜெயித்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

போன வாரம் அந்தோணி அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார், கையில் மக்ரூன் பொட்டலம். நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமலே வைத்திருந்தார். “தங்கச்சி, நான் இனிமே குரூப்புல இருக்கல. வெளிய போயிருதேன்” என்றார். ஏன் அண்ணே என்று கேட்டேன். “செத்தவம்ட்ட எப்படி எதுத்துப் பேச? ஒரு வார்த்த கூடப் போச்சுன்னா பாவம்னு வருது. தப்பாச் சொன்னாலும் சரிங்கேன். உள்ளுக்குள்ள எரியுது. உயிரோட இருந்தான்னா சட்டையப் புடிச்சிருப்பேன்.” பொட்டலத்தின் நூலைப் பிரித்துத் திரும்பக் கட்டினார். “எனக்கு அவன்ட்ட ஜெயிக்கணும்னு இல்ல. சண்ட போடணும். அதுக்கு இனிமே வழியில்ல, அதத்தான் சின்னவன் எனக்கு நெதமும் காட்டிக்கிட்டு இருக்கான். அவனுக்கு அது தெரியாது, பாவம்.” அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை, ஆனால் போகும்போது கண்ணாடியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். நான் தெருமுனை வரைக்கும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அதற்கு மறுநாள் ரம்யா கூப்பிட்டாள். அவள் உன்னைப் பற்றிக் கோள் சொல்லவில்லை, அவள்மேல் கோபப்படாதே. ஓட்டலில் சாப்பிடப் போனால் மேசையில் இரண்டு போனையும் வைக்கிறாயாம். உன் போன் அடித்தால் எடுப்பதில்லை, அந்தப் போன் அடித்தால் இலையை விட்டு எழுந்து போகிறாயாம். “அத்தை, அவங்க எதாவது சொல்றதுக்கு முன்னாடி ஒரு மாதிரி செருமுறாங்க. முன்னாடி அப்படிப் பண்ண மாட்டாங்க. மண்டபம் பார்க்கப் போனோம், பார்த்துட்டு மாமா மாதிரியே செருமிட்டு, மாமா குரல்ல பதில் சொன்னாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு” என்றாள். அவள் உன் அப்பாவைப் பார்த்தது பெண் பார்த்த அன்றும், ஆஸ்பத்திரியில் ஒரு தடவையும்தான். அவளுக்கே அடையாளம் தெரிகிறது என்றால் பார்த்துக்கொள். ரொம்பத் தயங்கி, கடைசியில் கேட்டாள்: “கல்யாணத்துக்கு அப்புறமும் அந்தப் போன் வீட்டுல இருக்குமா அத்தை?” அவள் உன்னைக் கட்டிக்கொள்ள வருகிறாள், தம்பி. தாலி கட்டுகிற கை உன்னுடையதாக இருக்க வேண்டும்.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர்கள் மூன்று பேருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, “உப்புதான் நல்லாருக்கு” என்றாய். உலகத்தில் ஒருத்தரும் உப்புக்காகப் பேசமாட்டார்கள். அந்த நான்கு வெள்ளைக்காரர்களும் ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆள் ஆளுக்குத் தனியாகப் பாடிக் கொடுத்து ஒட்டுப்போட்ட ஆல்பம் என்று இவர்களே திட்டுவார்கள். மூன்று பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நீ முகம் சிவந்து உள்ளே போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ அந்தக் கேசட்டைப் பற்றி இந்த வீட்டில் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருநாள் மத்தியானம் அவர் திடீரென்று அதைச் சொன்னார். அந்தோணி அண்ணனுக்குப் பதில் எழுதப் போனை எடுத்தேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். “உப்புக்கு ஒருத்தன் பேசுனாம்லா? நாங்க சிரிச்சதும் போயிட்டான். போயிருக்கக் கூடாதுளா. நின்னு எங்கள நாலு கேள்வி கேட்டிருக்கணும். நானும் சிரிச்சிருக்கக் கூடாது.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “வாரான்னா இப்பக் கேப்பேன், உப்புல அப்படி என்னத்தலே கண்டன்னு” என்றார். நீ வந்து சேர்ந்தபோது அவருக்குப் பேச்சு இல்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன், நீ தாங்கமாட்டாய் என்று. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் அவர் உன்னிடம் என்ன கேட்டார் என்பது உனக்குத் தெரிய வேண்டும். முந்திரிக்காக நீ பேச வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. உப்பில் என்ன கண்டாய் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. உன் போனிலிருந்து, உன் பெயரில் குரூப்பில் சேர்ந்து சொல். அந்தோணி அண்ணன் உன்னைக் கிழித்துத் தொங்கப் போடுவார், போடட்டும். அவர் குரூப்பை விட்டுப் போகாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை அந்தோணி அண்ணனும் காதர் அண்ணனும் படிப்பார்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன். புரட்டாசியில் ஒரு மத்தியானம், மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் நான் மட்டும். சாப்பிட உட்கார்ந்தேன், இறங்கவில்லை. போனை எடுத்து, குரூப்பில் இல்லாமல் 'அவிய' என்ற அந்தப் பெயருக்கு மட்டும் தனியாக, “சாப்பிட்டீங்களா?” என்று அனுப்பினேன். அது யாரிடம் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. டைப்பிங் என்று வந்தது, நின்றது. நீ அங்கே ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு என்ன பாடுபட்டிருப்பாய் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். திரும்ப டைப்பிங் என்று வந்தது. “சாப்பிட்டேன்ளா. நீ சாப்பிடு.”

நான் சாப்பிட்டேன். தட்டு நிறையப் போட்டு, ரசம் ஊற்றி, வயிறாரச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு நீயும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் நீ உன் போனிலிருந்து கூப்பிட்டு, “என்னம்மா பண்ற, மழையா?” என்று கேட்டபோது, நான் உன்னிடம் சரியாகக்கூடப் பேசவில்லை. சீக்கிரம் வைத்துவிட்டேன். பெற்ற பிள்ளையின் குரல் எனக்கு அன்றைக்கு இடைஞ்சலாக இருந்தது. அதை நினைத்தால் எனக்கு என்னைக் கண்டே பயமாக இருக்கிறது.

பேங்க் வேலை, ஆபீஸ் வேலை எல்லாம் இந்த மாதத்தோடு முடித்துவிடு, அதற்குக் காதர் அண்ணன் மகன் ஒத்தாசை செய்கிறேன் என்றிருக்கிறான். பிறகு அந்தப் போனை அணைத்து, கல்யாணத்துக்கு ஊருக்கு வரும்போது என்னிடம் கொடு. அதுவரைக்கும் அது உன்னிடம்தான் இருக்கும். அதுவரைக்கும் எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. குரூப்பில் எழுத மாட்டேன், அது முடியும். ஆனால் ஏதாவது ஒரு மத்தியானம், சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரும்போது, அந்த நம்பருக்குத் திரும்பவும் அனுப்பிவிடுவேன். ஒரு தடவை அனுப்புவேன், பதில் வராவிட்டால் இன்னொரு தடவையும் அனுப்புவேன். கெஞ்சுகிற மாதிரிகூட ஏதாவது எழுதிவிடுவேன். நீ பார்த்துக்கொண்டு சும்மா இரு. அம்மா அழுவாளே என்று நினைக்காதே, அழத்தான் செய்வேன். பதில் போடாதே தம்பி.